வடக்கே போன வேர்

அந்த நாற்காலி வேண்டாம் தம்பி, அதற்கு ஒரு கால் குட்டை. இதில் உட்காருங்கள். சுவரை ஒட்டிப் போட்டுக்கொள்ளுங்கள், தாழ்வாரத்து நிழல் அங்கேதான் இருக்கிறது. கோவில்பட்டி பஸ்தானே? வளைவு திரும்பும்போதே சத்தம் கேட்டுவிடும், ஓடவேண்டியதில்லை. நான் கை காட்டினால் நிறுத்துவான். வேறு யார் காட்டினாலும் கொஞ்சம் தள்ளிப்போய்த்தான் நிறுத்துவான், எனக்கு மட்டும் வாசலிலேயே நிறுத்துவான். அவன் அம்மாவுக்கு ரேஷன் கடையில் நான்தான் அரிசி நிறுத்துப் போட்டது.

நீங்கள் அந்தச் செடியைப் பார்த்தீர்கள். ரோட்டில் நின்றபடியே பார்த்தீர்கள், நான் கவனித்தேன். அதனால்தான் கூப்பிட்டேன். இல்லாவிட்டால் நான் யாரையும் கூப்பிடுகிற ஆள் இல்லை. எனக்குப் பேச்சு வராது. கடையில் இருந்த காலமெல்லாம் தராசு முள்ளைப் பார்த்துத்தான் பேசுவேன், ஆளைப் பார்த்துப் பேசமாட்டேன். என் மனைவி சண்முகக்கனி சொல்லுவாள், "கல்யாணத்தன்னைக்கும் என்னையப் பாக்கலயே, கயித்தத்தான பாத்தீங்க" என்று. பார்க்கத்தான் செய்தேன். மூன்று முடிச்சும் சரியாக விழுகிறதா என்று ஒருவன் பார்க்கவேண்டுமல்லவா?

எருக்குதான். சரியாகச் சொன்னீர்கள். ஆனால் எருக்கு என்று சொல்லிவிட்டால் போதாது. ரோட்டோரம், சுடுகாட்டோரம் நிற்கிறதெல்லாம் எருக்குதான், அதெல்லாம் ஊதாப்பூ. இது வெள்ளெருக்கு. முழு வெள்ளை. இந்த வட்டாரத்தில் வெள்ளெருக்கு வைத்திருக்கிறேன் என்று சொல்லுகிறவர்கள் நிறையப் பேர். போய்ப் பார்த்தால் அரை வெள்ளையாக இருக்கும். அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று யாருக்கும் தெரியாது. இலையைப் பார்த்தே சொல்லுவேன் என்பான் ஒருவன். முடியாது. இலை எல்லாம் ஒன்றுபோலத்தான் மாவு பூசினமாதிரி இருக்கும். பூக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். பூத்தபிறகும் அவசரப்படக் கூடாது. விரிந்த பூவை வெயில் வெளுத்துவிடும், ஊதாப்பூகூட சாயங்காலத்தில் வெள்ளைபோல நிற்கும். காலையில் வெயில் ஏறுமுன் மொட்டைக் கிள்ளி, உள்ளே நடுவில் கிரீடம்போல ஒன்று இருக்கும், அதைப் பார்க்க வேண்டும். இதழ் வெள்ளையாக இருந்து கிரீடம் ஊதாவாக இருந்தால் அது கலப்பு. கிரீடமும் வெள்ளையாக இருக்க வேண்டும். அப்படிப் பார்த்துப் பார்த்துத் தேறியது இது.

உள்ளே கூப்பிடுகிறாளே. "வாரேன், வாரேன்." ஒன்றுமில்லை, யார் வந்திருக்கிறது என்று கேட்கிறாள். படுத்திருக்கிறாள். இடுப்பெலும்பு. சொல்லுகிறேன்.

விதை எடுத்தது எங்கே தெரியுமா? இங்கிருந்து கிழக்கே போனால் பழைய உப்புவண்டிப் பாதையில் ஒரு இடிந்த வீடு உண்டு. கூரை கிடையாது, மூன்று சுவர் கிடையாது, அடுப்பு மேடை மட்டும் இருக்கிறது. அந்த அடுப்பு மேடையைப் பிளந்துகொண்டு ஆள் உயரத்துக்கு வெள்ளெருக்கு நின்றது. அவ்வளவு வெள்ளையை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அந்த வீட்டில் யார் இருந்தார்கள், ஏன் இடிந்தது என்று சண்முகக்கனி கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? நான் செடியைத்தான் பார்த்தேன். காய் வெடிக்கப்போகிற பதத்தில் இருந்தது, பஞ்சு பறக்குமுன் வேட்டி முனையில் முடிந்துகொண்டு வந்தேன்.

"எருக்கையா வீட்டுல வைக்கப் போறீங்க?" என்றாள். "எங்க ஆத்தா யாரையாவது வையணும்னா ஒன் வீட்டுல எருக்கு முளைக்கன்னுதான் வைவா. நீங்க வேல மெனக்கெட்டு அதக் கொண்டாந்து நடுறீகளே."

"அது ஊதா" என்றேன். "வெள்ளைக்கு அது கிடையாது."

"எழவு வீட்டுக்கு வெள்ளச் சேலையும் உண்டு, கலர்ச் சேலையும் உண்டு" என்றாள். அவளுக்கு வாய் அப்படி.

நாற்பத்து மூன்று முளைத்தது. தெற்குச் சுவருக்கு முன்னால் வரிசையாக வைத்தேன். வடக்குப் பக்கம் வீட்டு நிழல் விழும், எருக்குக்கு வெயில் வேண்டும். எருக்கு வளர்ப்பதென்றால் ஒன்றே ஒன்றுதான் தெரிந்திருக்க வேண்டும், அதைத் தொந்தரவு செய்யக் கூடாது. தண்ணீர் ஊற்றினால் அழுகும். எரு போட்டால் இலை பெருக்கும், பூக்காது. ஆடு கடிக்காது, வேலி வேண்டாம். இளசாக இருக்கும்போது பிடுங்கி வேறு இடத்தில் நடலாம் என்று நினைக்கக் கூடாது, ஆணிவேர் அதற்குள் முழங்கை நீளம் இறங்கியிருக்கும். கிளையில் போத்து வெட்டியும் நடலாம், பாலை வடியவிட்டு நிழலில் காயப்போட்டு நட்டால் பிழைக்கும். ஆனால் போத்தில் வந்த செடிக்கு வேர் ஒழுங்காக ஓடாது. எனக்கு வேர்தான் வேண்டும். அதனால் விதை.

இரண்டாம் வருஷம் பூத்தன. ஒவ்வொரு மொட்டாகக் கிள்ளிப் பார்த்தேன். ஊதா, ஊதா, கலப்பு, ஊதா. பார்க்கப் பார்க்கப் பிடுங்கினேன். ஒரு நாள் பிடுங்கும்போது பால் தெறித்து இடக்கண்ணில் பட்டுவிட்டது. இப்போது அந்தக் கண்ணில் கொஞ்சம் மேகம் போட்டமாதிரி இருக்கும். அதனால் ஒன்றும் குறைச்சல் இல்லை, வலக்கண் இரண்டுக்கும் சேர்த்துப் பார்க்கிறது. கடைசியில் மிஞ்சியது இது ஒன்றுதான். பிடுங்காமல் நின்றது இது ஒன்றுதான்.

எதற்கு என்று கேட்கிறீர்கள். வெள்ளெருக்கு பன்னிரண்டு வருஷம் நின்றால் அதன் வேரில் பிள்ளையார் இறங்குவார். கேள்விப்பட்டிருப்பீர்கள். சந்தையில் விற்கிறதெல்லாம் பிள்ளையார் இல்லை, ஏதோ ஒரு கட்டையைச் செதுக்கி மஞ்சளில் முக்கி விற்கிறான். உண்மையான வேர்ப் பிள்ளையார் ஒரு வீட்டில் இருந்தால் அந்த வீட்டை எதுவும் அண்டாது. எங்களுக்குப் பெண் ஒன்றுதான், தெய்வக்கனி, தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்திருக்கிறது. அவள் போனபிறகு இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் வேலையை விட்டு வந்த அன்றைக்கு இந்த வாசலில் உட்கார்ந்து யோசித்தேன். சண்முகக்கனிக்கு ஒன்று என்றால் எனக்கு என்ன செய்யத் தெரியும்? பக்கத்து வீட்டில் போய்க் கூப்பிடக்கூட எனக்கு வாய் வராது. எங்களுக்கு யார் காவல்? அன்றைக்குத்தான் இந்த நினைப்பு வந்தது. அவளுக்காகத்தான் தம்பி. அவளிடம் அதைச் சொன்னதில்லை.

வானத்தைப் பார்க்கிறீர்களா? வடகிழக்கில் கறுத்திருக்கிறது. அது வராது. இரண்டு வருஷமாக இப்படித்தான், கறுக்கும், சத்தம் போடும், கடலுக்குப் போய்விடும். பருத்தி போய்விட்டது, உளுந்து போய்விட்டது, வேலிக்கருவைகூட இலையை உதிர்த்துவிட்டு நிற்கிறது. இந்தக் கரிசலைப் பாருங்கள், வெடிப்புக்குள் கைத்தடி முழுசாக இறங்குகிறது. இது மட்டும் பூத்துக்கொண்டே இருக்கிறது. ஒரு சொம்பு தண்ணீர் நான் ஊற்றியதில்லை.

இந்த வருஷம் பிள்ளையார் சதுர்த்தியோடு பன்னிரண்டு முடிந்தது. எட்டயபுரம் பக்கம் உலகப்பன் ஆசாரி என்று ஒருவர் உண்டு, வேர் செதுக்குகிறவர், அவரிடம் போனேன். நானே போனேன், நானே பேசினேன், அதுவே பெரிய காரியம்.

"வடக்கே போன வேருலதான் பிள்ளையார் செய்யணும். அப்படி ஒண்ணு இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு."

"எப்படிச் சொல்லுதீக?"

"மேல்மண்ணை விலக்கிப் பார்த்தேன். பெருவிரல் பருமன் இருக்கு."

"அப்ப அதை நுனி வரைக்கும் முழுசா எடுத்துட்டு வாங்க அண்ணாச்சி. இரும்பு படக் கூடாது. தூர்தான் வயிறு, நுனிதான் தும்பிக்கை. நுனி ஒடிஞ்சு வந்துதுன்னா அது பிள்ளையார் இல்ல, வெறகு. நான் தொட மாட்டேன்."

"எவ்வளவு தூரம் போகும்?"

"அது போற தூரம் போகும். வேருக்கு நீங்களும் நானும் எல்லை சொல்ல முடியுமா?"

எனக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது. கண்டிப்பான ஆள். முக்கால்வாசி போதும், நுனியை மரத்தில் ஒட்டவைத்துக்கொள்ளலாம் என்று வேறு ஒருவன் என்றால் சொல்லியிருப்பான்.

கருவேலங்குச்சியைக் கூராகச் சீவிக்கொண்டேன். மண் அள்ளத் தேங்காய்ச் சிரட்டை. அதைத் தவிர வேறு எதுவும் கிடையாது, கைதான். ஒரு சல்லிவேர்கூட அறுபடாமல் வடக்கே பார்த்துத் தோண்டிக்கொண்டே வந்தேன். நீங்கள் பார்த்தீர்களே, அந்தக் குழி. சுத்தமாக இருக்கிறதா இல்லையா? ஓரமெல்லாம் நூல் பிடித்தமாதிரி இருக்கும். வேர் நேராக வந்தது, கொஞ்சம்கூட வளையவில்லை. நேராக வந்து சுவருக்கு அடியில் போனது. போகத்தானே செய்யும். செடி தெற்கே நிற்கிறது, வீடு வடக்கே நிற்கிறது.

இந்தச் சுவர்தான். நீங்கள் சாய்ந்திருக்கிற சுவர்.

அப்பா காலத்துச் சுவர் தம்பி. அடியில் ஓடைக்கல், மேலே மண், அதற்கு மேலே பனங்கை போட்டு ஓடு. சிமெண்ட் கிடையாது, அதனால் கல்லை எடுப்பது ஒன்றும் கஷ்டமில்லை. மண்ணைச் சுரண்டினால் பொறுமையாக வந்துவிடும். பதினோரு கல் எடுத்திருக்கிறேன். சும்மா எடுத்துப் போடவில்லை, ஒவ்வொன்றிலும் சாக்கட்டியால் எண் போட்டு, எது இடமோ எது வலமோ அப்படியே அடுக்கி வைத்திருக்கிறேன். அதோ, வேப்பமரத்தடியில். வேர் வெளியே வந்தபிறகு பதினொன்று, பத்து, ஒன்பது என்று திருப்பி வைத்துவிட்டால் சுவருக்கு எதுவும் தெரியாது. ஒரு பனங்கட்டையை முட்டுக்கொடுத்தும் பார்த்தேன். அது வேர்மேல் நின்றது. எடுத்துவிட்டேன்.

சண்முகக்கனி அன்றைக்கு வாசலில் நின்று பேசின பேச்சு ரோடு வரைக்கும் கேட்டது. "ரேஷன் கடையில ஒரு நாளும் ஒரு கை அரிசி கூடப் போடாத மனுசன், ஒரு செடிக்கு வீட்டையே தூக்கிக் கொடுக்காரே" என்றாள். பஸ்ஸுக்கு நின்ற ஜனம் சிரித்தது. நான் தலையைத் தூக்கவில்லை. மறுநாள் காலையில் துணி காயப்போட வந்தாள். கொடி அந்தப் பக்கம்தான் கட்டியிருக்கிறது. நான் குழி தோண்டியிருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும், முந்தின நாள் முழுக்க அதைப் பற்றித்தான் பேசினாள். ஆனாலும் சேலையை உதறிக்கொண்டே பின்னால் வந்து குழிக்குள் விழுந்துவிட்டாள். பார்த்து வரவேண்டாமா? நல்லவேளை, வேரின் மேல் விழவில்லை. ஒரு சாண் தள்ளி விழுந்தாள்.

கட்டு வைத்தியர் வந்து மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். "ஆடாம அசையாம கிடக்கணும்" என்று சொல்லியிருக்கிறார். நான்தான் எல்லாம் செய்கிறேன். கஞ்சி, வெந்நீர், தலை சீவுவது, எல்லாம். தலை சீவுவதற்குக் கற்றுக்கொண்டேன். வகிடு நேராக எடுப்பேன். "இந்த வகிடுல பஸ்ஸே விடலாம்" என்று அவளே சொன்னாள். அன்றைக்குச் சிரித்தாள். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

கட்டிலை முதலில் சமையல்கட்டுப் பக்கம் போட்டிருந்தேன். பிறகு யோசித்தேன். வேர் எப்படியும் இந்த அறைக்கு அடியில்தான் வருகிறது. அதன்மேல் படுத்திருந்தால் எலும்பு சீக்கிரம் கூடுமே. அப்படியே கட்டிலோடு மெதுவாகத் தள்ளி இந்தச் சுவரோரம் போட்டுவிட்டேன். உங்கள் முதுகுக்குப் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கம், அவள் தலைமாடு.

"ஏன் இங்க தள்ளுதீங்க?" என்று கேட்டாள்.

"உனக்கு நல்லது" என்றேன்.

"எனக்கு நல்லது பண்ணணும்னா குழிய மூடுங்க."

கேட்டீர்களா, கூப்பிடுகிறாள். "என்னம்மா?" ... "பஸ்ஸுக்கு நிக்கிற தம்பி. கோவில்பட்டிக்கு." ... சரி சரி. உங்களைச் சுவர் பக்கம் உட்காரவைக்க வேண்டாம் என்கிறாள். நீங்கள் நகரவேண்டாம். அவள் இப்போது எல்லாவற்றுக்கும் பயப்படுகிறாள். படுத்தே கிடக்கிறவளுக்கு வேறு என்ன வேலை, கண்ணை வைத்துக்கொண்டு கூரையைப் பார்க்கிறது, சுவரைப் பார்க்கிறது. "பல்லி பூராம் அந்தப் பக்கத்துச் சுவத்துக்குப் போயிட்டு" என்றாள் ஒரு நாள். பல்லி எங்கே வேண்டுமானாலும் போகும். அதற்கு நாம் இடம் ஒதுக்க முடியுமா?

விரிசல் மூன்று என்கிறாள். மூன்று இல்லை. நான் விளக்கை வைத்துப் பார்த்தேன். இரண்டு மேலே போய் ஒன்றாகச் சேர்கின்றன, அப்படியானால் அது ஒன்றுதான். மூன்றாவது அப்பா காலத்திலிருந்தே இருக்கிறது, அதை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஆக ஒன்று. எதையும் சரியாக எண்ண வேண்டும். பயத்தில் எண்ணினால் மூன்றாகத்தான் தெரியும்.

பக்கத்துத் தெரு செல்லக்கண்ணு கொத்தனாரை அவள்தான் யாரிடமோ சொல்லி அனுப்பி வரவழைத்தாள். வந்தவன் குழியைக் குனிந்து பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, இத நீங்களா செஞ்சீங்க?" என்றான்.

"நானேதான்" என்றேன். பாராட்டுகிறான் என்று நினைத்தேன்.

"கரிசல் அண்ணாச்சி. காஞ்சு கெடக்கிற வரைக்கும் கல்லு மாதிரி நிக்கும். தண்ணி உள்ள போச்சுன்னா களிதான். மழைக்கு முன்னால மூடிருங்க."

"மழை எங்கே இருக்கு?"

"இல்லன்னா ஒண்ணு செய்ங்க. அந்த விரிசலுக்குக் குறுக்க ஒரு கண்ணாடித் துண்டை சுண்ணாம்பு வச்சு ஒட்டி வைங்க. அது உடைஞ்சா, எதையும் எடுக்கணும்னு பாக்காம அக்காவைத் தூக்கிட்டு வெளிய வந்திருங்க."

சொன்னபடி ஒட்டினேன். எவன் சொன்னாலும் சரியாகச் சொன்னால் கேட்பேன். மறுநாள் காலையில் பார்த்தால் உடைந்திருந்தது. எனக்கும் திக்கென்றுதான் இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன், அது பழைய முகம் பார்க்கிற கண்ணாடித் துண்டு. ரசம் போனது. அதற்குள்ளேயே கீறல் இருந்திருக்கும். வேறு ஒன்று ஒட்டினேன், ஜன்னல் கண்ணாடி. அதுவும் உடைந்தது. வீட்டில் அதற்குமேல் கண்ணாடி இல்லை.

கதவும் அப்படித்தான். அந்த அறைக் கதவு திடீரென்று நிலையில் உரச ஆரம்பித்தது. சாத்த முடியவில்லை. இழைப்புளி வாங்கிவந்து மேல்முனையை இழைத்தேன். அழகாகச் சாத்திக்கொண்டது. இரண்டு நாள் கழித்து மறுபடியும் உரசியது. மறுபடியும் இழைத்தேன். இப்போது பார்த்தால் கதவு ஒரு பக்கம் சாய்வாக, யாரோ வேண்டுமென்றே கோணலாகச் செய்ததுபோல இருக்கிறது. ஆனால் சாத்த முடிகிறது. நிலையோடு சரியாகப் பொருந்துகிறது.

தெய்வக்கனி ஒரு வேனைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அப்பா, அம்மாவைக் கூட்டிட்டுப் போறேன். ஏறுங்க நீங்களும்" என்றாள்.

"அசைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்."

"அசையாமக் கிடந்தா மட்டும்? சுவரு மேல விழுறதுக்கு அம்மா அசையணுமா?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறு. அறைக்குள் தரையைத் தூக்கினால் நுனி வந்துவிடும். நுனி வந்ததும் கல்லைத் திருப்பி வைத்துவிடுவேன்."

"எப்பா, ஒரு வேருக்காகவாப்பா? கத்திய எடுத்து வெட்டிப் போடுங்களேன். நானே வெட்டுறேன்."

அவள் அப்படிச் சொன்னதும் நான் போய்க் குழிக்கு முன்னால் நின்றுகொண்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளிடம் சத்தம் போட்டேன். அவள் அழுதாள். உள்ளே இருந்து சண்முகக்கனி, "ஏட்டி, நான் வாரேன், என்னையத் தூக்குங்க" என்று சொன்னாள். சொல்லத்தான் செய்தாள். வலியில் இருக்கிறவள் சொல்லுகிறதை எல்லாம் எடுத்துக்கொள்ள முடியுமா? இந்தப் பள்ளம் விழுந்த ரோட்டில் வேனில் போட்டு உலுக்கிக்கொண்டு போனால் அந்த எலும்பு என்ன ஆகும்? டிரைவரும் நானும் பேசி, வேனைத் திருப்பி அனுப்பிவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையோடு வருகிறேன் என்று தெய்வக்கனி போயிருக்கிறாள். வரட்டும். வரும்போது பிள்ளையார் இருப்பார். அப்போது தெரியும்.

அன்றைக்கு ராத்திரிச் சோறு ஊட்டும்போது சண்முகக்கனி என் கையைத் தள்ளிவிட்டாள். பிறகு ஒன்று சொன்னாள். "உங்களுக்கு நான் வேணுமா, அது வேணுமா?" என்றாள். இது என்ன கேள்வி தம்பி? அது எதற்கு வேண்டும் என்றே அவளுக்குப் புரியவில்லை.

இன்றைக்குப் புதன். வியாழன் ஒரு நாள்தான் நடுவில்.

காற்று திரும்பிவிட்டது. மண் வாசனை வருகிறதே. எங்கேயோ பெய்கிறது.

பூவைக் கிட்டப் போய்ப் பாருங்கள், பஸ் வருவதற்குள். பறிக்க வேண்டாம், பால் வடியும். பார்த்தீர்களா? ... என்ன, ஊதாவா? எங்கே? ஓரத்திலா? இல்லை தம்பி, அது மேக வெளிச்சம். கறுத்த வானத்துக்குக் கீழே எந்த வெள்ளையும் அப்படித்தான் தெரியும். சண்முகக்கனியும் ஒரு தடவை அப்படித்தான் சொன்னாள், லேசாக ஊதா ஓடுகிறது என்று. நான் இந்தக் கண்ணாலேயே எத்தனை மொட்டைப் பார்த்திருக்கிறேன். வாருங்கள், உட்காருங்கள். இது முழு வெள்ளை.

அட. துளி விழுகிறது.

விழுகிறது தம்பி! பாருங்கள், தூசியில் எவ்வளவு பெரிய துளி. இரண்டு வருஷம். இரண்டு வருஷத்துக்குப் பிறகு. நான் சொல்லவில்லையா, இன்னும் வெளியே எடுக்கவேகூட இல்லை, அதற்குள் அதன் பலன் தெரிகிறது. இதோ சரஞ்சரமாக இறங்கிவிட்டது. நீங்கள் நனையவேண்டாம், இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிச் சுவரோடு ஒட்டிக்கொள்ளுங்கள், ஓட்டுத் தாழ்வாரம் அவ்வளவுதான் மறைக்கும். குழியைப் பாருங்கள். தண்ணீர் தேங்கவே இல்லை பாருங்கள், வருகிறது, உள்ளே போகிறது. சுவருக்கு அடியில் போகிறது. வெடிப்பு எல்லாம் குடிக்கிறது. வேர் எப்படிக் கறுத்துப் பளபளவென்று நிற்கிறது பாருங்கள்.

"என்னம்மா?" ... "மழைதான். மழை பெய்யுது." ... மண் உதிருகிறதாம். கண்ணில் விழுகிறதாம். மழை பெய்தால் பழைய சுவரில் கொஞ்சம் உதிரத்தான் செய்யும். "சேலை முந்தியால முகத்தை மூடிக்கோ, வாரேன்."

என்ன அது? ஆடுகிறதா? நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலி ஆடாது. அதற்கு நாலு காலும் சரி, நானே அளந்து பார்த்தது. குட்டைக் கால் நாற்காலி இதுதான், நான் உட்கார்ந்திருக்கிறது. இதுவும் இப்போது... இது ஆடவில்லை. இவ்வளவு நாளும் ஆடும், இப்போது தரையோடு சரியாக நிற்கிறது. வேடிக்கைதான்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? பஸ் இன்னும் வளைவுக்கே வரவில்லை. வந்தால் எனக்குக் கேட்கும். ... என்ன? உள்ளேயா? கட்டிலையா? எதற்கு? அவளை அசைக்கக் கூடாது தம்பி, கட்டுப் போட்டவர் சொல்லியிருக்கிறார், நான் சொன்னேனே. இருங்கள். கட்டிலை இழுத்தால் கால் தரையைக் கீறும், வேர் அதற்கு நேர் கீழே இருக்கிறது. மேலாக இருக்கும், நுனி மேலாகத்தான் இருக்கும், ஒரு விரல்கடை ஆழம்கூட இருக்காது. தம்பி. நான் சொல்லுகிறது கேட்கிறதா? கதவைத் தள்ளாதீர்கள், அது ஒரு பக்கமாகத் தூக்கித்தான் திறக்க வேண்டும், நான் இழைத்து வைத்திருக்கிறேன். மெதுவாக.

தம்பி, போகிறதென்றால் செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள். அது சாமி வரப்போகிற அறை.